நடந்து போகிற தூரத்தில் ஒரு வேலை

கொரோனா அடங்கி, பள்ளிக்கூடங்கள் திறந்து, ரயில்கள் பழையபடி ஓட ஆரம்பித்த பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில், நான் ஓட்டிய லோக்கல் ரயிலில் ஒரு பிள்ளை அடிபட்டு இறந்துபோனாள். ஐந்தாம் வகுப்புப் படித்தவள். பெயர் பவித்ரா. அந்தப் பெயரையே நான் பிறகு செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சபையில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் மோட்டார்மேன் துரை. திருவள்ளூர், ஆவடி, சென்னை என்று இந்த ஒரே பாதையில் பாதி ஆயுளை ஓட்டினவன். வீடும் அண்ணனூரிலேயே, ரயில்கள் வந்து நிற்கும் ஷெட்டுக்குப் பக்கத்தில். நான் ஏன் கடைசி பெஞ்சுக்குப் போனேன், அப்புறம் ஏன் ஆராதனைக்கே வராமல் இருந்தேன் என்று பலர் கேட்டீர்கள். எனக்கு அப்போது வாய் வரவில்லை. ஆண்டவர் எனக்குச் செய்ததை இனிமேலும் சொல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலை நேரம். சென்னைக்குப் போகிற வண்டி, கூட்டம் படியில் தொங்கியது. எங்கள் பகுதியில் தண்டவாளத்துக்கு வடக்கே ஒரு குடியிருப்பு இருக்கிறது. பள்ளிக்கூடம் தெற்கே. ஸ்டேஷனுக்குப் போய் நடைமேம்பாலம் ஏறி இறங்கினால் சுற்று என்பதால் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாரும் தண்டவாளத்தின் குறுக்கே போய்ப் பழகிவிட்டார்கள். அன்றைக்கும் சில பிள்ளைகள் ஓடித் தாண்டினார்கள். நான் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தேன். இந்தப் பெண்ணும் தாண்டிவிட்டாள். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள். ஒரு சின்னப் பையன், நாலு வயது இருக்கும், அவள் பின்னாலேயே வந்து தண்டவாளத்துக்குள் கால் வைத்திருந்தான். அவள் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, அவன் நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளினாள். அவன் ஜல்லியில் மல்லாக்க விழுந்தான். அவளுக்கு விலக நேரம் இல்லை.

எமர்ஜென்சி பிரேக் போட்டுத்தான் இருந்தேன். ஆள் நிறைந்த ரயில் நினைத்த இடத்தில் நிற்காது. நின்றபோது அந்த இடம் எங்கோ பின்னால் இருந்தது. நான் இறங்கவில்லை. கடைசிப் பெட்டியில் இருந்த கார்டு போய்ப் பார்த்தார். நான் கன்ட்ரோல் ரூமுக்குத் தகவல் சொன்னேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

விசாரணையில் பார்த்ததைச் சொன்னேன். என் மேல் தவறில்லை என்று முடித்தார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் வந்து தோளைத் தட்டினார்கள். "மச்சான், இந்த சீட்ல உக்காந்தா எல்லாருக்கும் ஒருநாள் நடக்கும். மனசுல ஏத்திக்காத" என்றார் என்னோடு பயிற்சி எடுத்த நண்பர். அவருக்கும் நடந்திருக்கிறது. அவர் தாண்டி வந்துவிட்டார். என்னால் முடியவில்லை.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனேன். அந்த இடம் நெருங்கும்போது உள்ளங்கை வியர்க்கும். யாரும் இல்லாத தண்டவாளத்தில் ஆள் இருப்பது மாதிரித் தெரியும். ஒருநாள் ஒன்றுமே இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது நியாயமில்லை. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் இருந்தது இன்னும் மோசம். ஷெட்டுக்குப் பக்கத்து வீடு, நாள் முழுக்க ஹாரன் சத்தம். என் மனைவி ஹெலன் அம்பத்தூரில் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். அவள் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில். நான் ஹாலில் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். டிபன் பாக்ஸில் வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருக்கும். ரயில் ஏறுவதையே விட்டுவிட்டேன். பிளாட்பாரம் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவேன். மகள் வீட்டுக்குக்கூட பஸ்ஸில்தான் போனோம். இப்படி இருந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்த நாட்கள் உண்டு. அதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம்.

ஜெபம் பண்ணினேன். பொய் சொல்லக்கூடாது, ஒரே ஜெபம்தான். அந்தக் காட்சியை என் கண்ணிலிருந்து எடுத்துவிடும் ஆண்டவரே. மாதக்கணக்கில் இதையே கேட்டேன். எடுக்கவில்லை. கோபத்தில் ஆராதனைக்குப் போவதை நிறுத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹெலன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, எடுத்துடும் எடுத்துடும்னே கேக்கறீங்களே. ஏதாவது குடும்னு கேட்டுப் பாருங்களேன்."

"என்னத்தக் கேக்கறது?"

"ஒரு வேலை கேளுங்க. சம்பளத்துக்கு இல்ல. கைக்கும் காலுக்கும் ஒரு வேலை."

அவள் விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது என் வாயிலிருந்து வந்தது இதுதான். "ஆண்டவரே, பிள்ளைகளுக்கு ஏதாவது செய்கிற ஒரு வேலையை எனக்குக் காட்டும். என்னால் ரயிலில் ஏற முடியாது. அதனால் நடந்து போகிற தூரத்தில் காட்டும்." பிள்ளைகள் என்று ஏன் கேட்டேன் என்றால் எனக்கே தெரியாது. வேறெதுவும் தோன்றவில்லை.

ஜெபித்துவிட்டு நானே தேடவும் ஆரம்பித்தேன். சேவை செய்ய ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்த ஓர் அமைப்புக்குப் போன் செய்தேன். சென்னையில் கடற்கரைப் பக்கம் வாரம் ஒருநாள் வரச் சொன்னார்கள். ரயிலில்லாமல் அவ்வளவு தூரம் நடக்காது என்று விட்டுவிட்டேன். பாடியில் ஒரு ஆபீசுக்குப் பஸ்ஸில் போனேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு தம்பி மரியாதையாகப் பேசினார். "சார், எங்க கிளாஸ் எல்லாம் ஆன்லைன்தான். ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுப்பீங்களா? லேப்டாப் இருக்கா?" இரண்டும் இல்லை என்றேன். போன் நம்பர் வாங்கிக்கொண்டார். கூப்பிடவில்லை.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கும் போனேன். அன்றைக்கு யாரோ பிறந்தநாளுக்காகச் சாப்பாடு போட்டார்கள். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. கேக் வெட்டி, போட்டோ எடுத்து, நன்றிப் பாட்டுப் பாடி முடித்த பிறகுதான் பிள்ளைகளைச் சாப்பிட விட்டார்கள். ஒரு குட்டிப் பெண் பாடும்போதே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்ச டோனர்ஸ் யாராவது இருந்தா சொல்லுங்க சார், அதுவே பெரிய உதவி" என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆண்டவரோடு சண்டை போட்டேன். கேட்டால் கொடுப்பீர் என்கிறார்களே, நான் என்ன பெரிய உத்தியோகமா கேட்டேன்?

பல மாதங்கள் இப்படியே போயின.

ஹெலனுடைய வற்புறுத்தலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனேன். ஜெப விண்ணப்பம் சொல்கிற நேரத்தில் செல்வி எழுந்தாள். செல்வியை உங்கள் எல்லாருக்கும் தெரியும், அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறவள். அவள் சொன்னது இது. தண்டவாளத்துக்கு வடக்கே உள்ள குடியிருப்பில் நிறையப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. ஒரு பிள்ளை ரயிலில் அடிபட்டுச் செத்ததிலிருந்து தாய்மார்களுக்குப் பயம். கூட்டிக்கொண்டு போய் விட அவர்களுக்கு நேரமில்லை, விடிந்தும் விடியாமலும் கம்பெனிக்கும் ஃபிளாட் வேலைக்கும் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் வீட்டிலேயே பூட்டிக் கிடக்கிறார்கள், இல்லையென்றால் ஏரிக்கரையில் சுற்றுகிறார்கள்.

"காலைல பாலம் வழியா கூட்டினு போய் உட்டு, சாயந்திரம் கூட்டினு வர ஒரு பெரிய மனுஷன் கெடைக்கணும். அதுக்கு எல்லாரும் ஜெபிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆராதனை முடிந்து ஹெலன் வீட்டுக்கு வந்தாள். நானே கத்தினேன்.

"அங்க மட்டும் நான் போமாட்டேன். வேற எங்க வேணும்னாலும் போறேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"உன் முகம் சொல்லுது."

அவள் பைபிளை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள். "பிள்ளைங்க வேலை கேட்டீங்க. நடந்து போற தூரத்துல கேட்டீங்க. நானும் கூடத்தான் ஆமென் சொன்னேன். இப்ப ரெண்டும் வந்து நிக்குது. போறதும் போகாததும் உங்க இஷ்டம்ங்க."

ஒரு வாரம் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க ஆண்டவரிடம் கேட்டது, வேறு யாரையாவது அனுப்பும் என்பதுதான். அடுத்த ஞாயிறு செல்வி அதே விண்ணப்பத்தை மறுபடி சொன்னாள். யாரும் முன்வரவில்லை. சபையில் எல்லாருக்கும் அந்த நேரத்தில் வேலை. வேலையில்லாதவன் நான் ஒருவன்தான். ஆராதனை முடிந்ததும் போய், "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்மா?" என்று கேட்டேன். செல்விக்கு நான் யார் என்று தெரியும். விபத்தும் தெரியும். அவள், "ஏழரைக்கு வாங்கண்ணே. நான் கூட இருக்கேன்" என்றாள்.

முதல் நாள் ஐந்தாறு பிள்ளைகள் வந்தார்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர் என்று மட்டும் செல்வி சொல்லிவைத்தாள். பிள்ளைகள் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டார்கள். எனக்கு அவ்வளவு வயதாகவில்லை, ஆனால் தாடியும் முகமும் அப்படி ஆகியிருந்தது.

ஸ்டேஷன்வரை நன்றாகத்தான் வந்தேன். மேம்பாலத்தின் நடுவில் போகும்போது கீழே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. பாலம் அதிர்ந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். செல்வியோடு முன்னால் போன ஒரு பெண், தேன்மொழி என்று பெயர், ஏழாம் வகுப்பு, திரும்பி வந்தாள்.

"இன்னா தாத்தா, ஒதறுது?"

"ஒண்ணும் இல்லம்மா. நீ போ."

"பயமாக்கீதா? கண்ண மூடிக்கோ. நான் இட்டுகினு போறேன்."

என் விரலைப் பிடித்தாள். நான் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவனைப் பிள்ளை கூட்டிக்கொண்டு போனது. மறுபக்கம் படி இறங்கியதும் அவள் மற்றவர்களிடம், "தாத்தாக்கு ஒசரம்ன்னா பயம்டி" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அன்றைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைக் காலி செய்தேன்.

பிறகு பிள்ளைகள் கூடினார்கள். காலையில் வீடு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டு போவேன். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். அப்படியே அங்கன்வாடி அறையில் உட்கார வைத்து வீட்டுப்பாடம் எழுதவைத்தோம். எனக்கு எலெக்ட்ரிகல் டிப்ளமோ. கணக்கு சொல்லிக்கொடுக்க வரும். ஒரு மாதத்தில் நான் அந்தக் குடியிருப்பின் ஆளாகவே ஆகிவிட்டேன். டீ போட்டால் எனக்கும் ஒரு டம்ளர் வரும்.

ஒரே ஒரு வீட்டைத் தாண்டும்போது மட்டும் குனிந்துகொண்டு போவேன். அது பவித்ராவின் வீடு. அம்மா மல்லிகா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். அப்பா பெயின்டர். தம்பி கார்த்தி, நான் பார்த்த அதே பையன், ஆறு வயதாகியும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்படவில்லை. மல்லிகா வேலைக்குப் போகும்போது அவனை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டுப் பெண் மத்தியானம் திறந்து சோறு போடுவாள். ஜன்னல் கம்பி வழியாக அவன் எங்களைப் பார்ப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். செல்வி பலமுறை மல்லிகாவிடம் பேசிப் பார்த்தாள். "ஒண்ண குட்த்தது போதும்" என்பதுதான் பதில்.

அந்தப் பையனுக்காக ஜெபிக்க ஆரம்பித்தேன். என் கண்ணிலிருந்து காட்சியை எடும் என்பது குறைந்து, அந்தக் கதவு திறக்கட்டும் என்பது அதிகமானது. அது எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

அப்புறம் நான் பயந்தது நடந்தது. அந்தக் குடியிருப்பில் ஏழுமலை என்பவர் ஷெட்டில் வண்டி கழுவுகிற ஒப்பந்த வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தார். அங்கே யாரோ பேச்சுவாக்கில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் சாயங்காலம் பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பும்போது வழிமறித்து, "சார், அன்னிக்கு அந்த வண்டி நீங்க ஓட்னதா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான் ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஏழரைக்குப் போனேன். ஒரு பிள்ளையும் வரவில்லை. கதவுகள் சாத்தியிருந்தன. தேன்மொழி வாசலில் வந்து நின்றாள், உள்ளேயிருந்து கூப்பிட்டதும் போய்விட்டாள். நான் குழாயடிப் பக்கம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரத்தில் நான் ஜெபிக்கக்கூட இல்லை. இதுவும் முடிந்தது என்று மட்டும் நினைத்தேன். திரும்பி நடக்கப் பார்த்தபோது மல்லிகா எதிரே வந்தாள். கேன்டீன் யூனிஃபார்மில் இருந்தாள். வேலைக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

"நீதான் அன்னிக்கு வண்டி ஓட்னியா சார்?"

"ஆமாம்மா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

"என் பொண்ண நீ பாத்தியா?"

"பார்த்தேன்."

"அது வெளாண்டுகினு இருந்துச்சா? எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. தாண்டிப் போனது வெளாட்டுக்குத் திரும்பி ஓடியாந்துச்சாம். கார்த்தி அப்பனும் அதையேதான் சொல்றாரு. நீ வளத்த லட்சணம்ன்றாரு. முழுசா பாத்தவங்க யாருமே இல்ல. நீ பாத்தல்ல? நீ சொல்லு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மற்றப் பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டார்கள். சின்னவன் சொல்லத் தெரியாதவன். நடந்ததை முழுசாகப் பார்த்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். விசாரணையில் நான் சொன்னது எங்கோ ஒரு ஃபைலில் இருக்கிறது. இவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் வந்து சொல்லவில்லை. எந்தக் காட்சியை எடுத்துவிடும் என்று நான் மாதக்கணக்கில் கெஞ்சினேனோ, அதற்காகத்தான் இந்தத் தாய் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

"விளையாடலம்மா" என்றேன். "பவித்ரா தாண்டிடுச்சு. சின்னவன் பின்னாலயே வந்து தண்டவாளத்துல கால் வெச்சிட்டான். அதைப் பார்த்துட்டு, பையப் போட்டுட்டு ஓடிவந்து, அவன் நெஞ்சுல கை வெச்சுப் பின்னால தள்ளுச்சு. அவன் கல்லு மேல விழுந்தான். அவன் பொழைச்சது அதனாலதான்."

மல்லிகா தன் பின்மண்டையில் கை வைத்துக் காட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பின்மண்டைல காயத்தோட வந்தான். எப்டி ஆச்சுன்னு கேட்டா அழுவுறான், சொல்லவே இல்ல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் எதிரே உட்கார்ந்தேன்.

"பயந்துச்சா சார்?"

"அது வண்டியப் பார்க்கவே இல்லம்மா. தம்பியத்தான் பார்த்துகிட்டு இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். சத்தம் கேட்டு வீடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "இன்னொரு தபா சொல்லு. இவங்க எல்லாரும் கேக்கட்டும்" என்றாள். சொன்னேன். ஏழுமலை அவள் புருஷனை வேலையிடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வந்த பிறகு மறுபடியும் சொன்னேன். அவர் கையில் பெயின்ட் காய்ந்திருந்தது. தலைத் துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு நின்றார். மல்லிகா போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

சபையில் சாட்சி சொல்ல என்னைப் பலமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். கூச்சத்தில் மறுத்திருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் சாட்சி அந்தக் குழாயடியில்தான்.

அடுத்த நாள் காலையில் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கடைசியாக மல்லிகா கார்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரி, அவனுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தாள்.

"இவனயும் இட்டுகினு போ. கைய மட்டும் உட்டுடாத" என்றாள்.

நான் விடவில்லை. அன்றைக்கே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். மேம்பாலத்தில் ரயில் வந்தபோது அவன் என் காலைக் கட்டிக்கொண்டான். நானும் நின்றேன். இரண்டு பேரும் வண்டி போகிறவரை நின்றுவிட்டுப் பிறகு நடந்தோம். பல வாரங்கள் அப்படித்தான் போனோம். அக்கா உன்னைக் காப்பாற்றினாள் என்று அவனுக்கு அவன் அம்மாவே, அவளுக்குத் தோன்றிய ஒருநாளில், அவளுக்குத் தெரிந்த விதத்தில் சொல்லியிருக்கிறாள். மறுநாள் என்னிடம் வந்து, "தாத்தா, எங்கக்கா தைரியசாலி. தெர்யுமா ஒனக்கு?" என்று கேட்டான். தெரியும் என்றேன். அவன் என்னிடம் தானாகப் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

அந்தக் காட்சி என் கண்ணிலிருந்து போய்விட்டதா என்றால், போகவில்லை. அந்த ஜெபத்துக்கு ஆண்டவர் இல்லை என்றுதான் பதில் சொன்னார் என்று நினைக்கிறேன். இப்போது அது வரும்போது கை வியர்ப்பதில்லை. தம்பியைத் தள்ளிய அந்தக் கைகள்தான் முதலில் தெரிகின்றன. நான் அவளுக்காக நன்றி சொல்கிறேன்.

இப்போது அங்கன்வாடி அறை போதவில்லை. நம் சபை பின்னறையைச் சாயங்காலங்களில் திறந்து கொடுத்திருக்கிறது. ஆவடி ரோட்டுப் புது ஃபிளாட்டில் இருக்கும் ஒரு கணவன் மனைவி, மதுரைக்காரர்கள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சனிக்கிழமைகளில் வந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்கள் நம் சபையும் இல்லை, நம் மதமும் இல்லை. ஹெலன் ஞாயிறு மத்தியானம் பெரிய பெண்களுக்குத் தையல் காட்டுகிறாள். குறுக்கே தாண்டுகிற பழக்கம் முழுதாக நிற்கவில்லை. பெரியவர்கள் இன்னும் தாண்டுகிறார்கள். பிள்ளைகள் தாண்டுவதில்லை. தாண்டப் பார்க்கிற அப்பாவைத் தேன்மொழி திட்டுகிறாள்.

போன கோடை விடுமுறையில் பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். பிறந்ததிலிருந்து தண்டவாளத்தின் ஓரத்தில் வாழ்கிற பிள்ளைகள், அவர்களில் பாதிப் பேர் ரயிலில் ஏறியதே இல்லை. நான் வேன் பார்க்கலாம் என்றேன். "வேன்லாம் வேணா தாத்தா, ட்ரெய்ன்ல போலாம்" என்று கத்தினார்கள். குறித்த நாளில் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றது. நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை ஜெபித்தேன், "கூட வாரும்" என்று. ஏறிவிட்டேன். ஜன்னல் பக்கம் சண்டை போட்டார்கள், ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் கத்தி வாசித்தார்கள். கூட்டத்தில் எண்ணிக்கொண்டே இருந்ததில் எனக்குப் பயப்பட நேரமே கிடைக்கவில்லை. கடலில் கார்த்தி முழங்கால் வரை நனைந்துவிட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். மல்லிகாவும் லீவு போட்டு வந்திருந்தாள். சேலையைச் செருகிக்கொண்டு அவனோடு தண்ணீரில் நின்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது, வீட்டு ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தால், அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டவரிடம் ஒரு வேலை கேளுங்கள். கேட்கும்போது, அந்த இடம் மட்டும் வேண்டாம் என்று நிபந்தனை போடாதீர்கள். நான் போட்டேன். அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை, அதற்காகத்தான் அதிகம் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

இந்த ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் மட்டும் நிறையப் புதுப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு ஆள் முன்னாலும் ஒரு ஆள் பின்னாலும் நடந்தால்தான் பாலத்தில் சமாளிக்க முடியும். முன்னால் நான் இருக்கிறேன். பின்னால் நடக்க ஆள் வேண்டும். படிப்பு, அனுபவம் எதுவும் தேவையில்லை, மழைக்காலத்தில் ஒரு பெரிய குடை இருந்தால் நல்லது. வர மனமுள்ளவர்கள் ஆராதனை முடிந்ததும் செல்வியிடம் பேர் சொல்லிவிட்டுப் போங்கள்.